உள்ளான் சொன்ன ஒரு சொல்

அந்தக் காலத்தில் பறவைகளும் நம்மைப் போலவே வாய் ஓயாமல் பேசும், வம்பளக்கும், சண்டை போடும். அவற்றில் மகா கெட்டிக்காரப் பறவை உள்ளான். ஈர மணலில் ஒல்லிக் காலும் நீள மூக்குமாக ஓடுமே, அதுதான். கோடையெல்லாம் பனிநாட்டில் இருக்கும். அங்கே முதல் பனி விழுந்ததும் கிளம்பி, ஐப்பசியில் நம் கரைக்கு வந்துவிடும். இரண்டு நாட்டுப் பேச்சும் அதற்கு அத்துப்படி. நம் கப்பல்காரர்களுக்கு அங்கே அதுதான் துபாஷி. "ஒரு சொல்லுக்கு ஒரு சொல். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளும். அப்பப்பா, அந்தப் பெருமை இருக்கிறதே!

நம் பக்கத்தில் இல்லாததைச் சொன்னால் அதற்கு எத்தனை பெயர்! பிள்ளைகள் சொன்னால் புளுகு. வேலைக்கு டிமிக்கி கொடுப்பவன் சொன்னால் சாக்கு. பெண் கேட்டு வருபவன் சொன்னால் அளப்பு. குடியைக் கெடுக்கிறவன் சொன்னால்தான் வஞ்சகம். மற்றதற்கெல்லாம் சிரித்துவிட்டுப் போய்விடுவோம். பனிநாட்டிலோ எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். அங்கே ஆளைக் கொல்லும் குளிர். ஒருவன் பேச்சை மற்றவன் நம்பினால்தான் உயிர் தங்கும். அந்தச் சொல்லால் அழைக்கப்பட்டவனை எந்த வீட்டிலும் நெருப்பருகே சேர்க்க மாட்டார்கள்.

ஒரு வருஷம், நம் கரையிலிருந்து கப்பல் வேலைக்குப் போன கலியன் அங்கே மாட்டிக்கொண்டான். கப்பல் பாறையில் மோதி உடைந்துவிட்டது. ஊலவ் என்ற கிழவர் அவனைத் தன் வீட்டில் சேர்த்துக்கொண்டார். வீட்டு ஆண்கள் முறை வைத்துக் காட்டுக்குப் போய் விறகு கொண்டுவர வேண்டும். அந்த வருஷம் பனி முந்திக்கொண்டது. கலியன் முறை வந்த அன்று வெளியே எட்டிப் பார்த்தான், பல் கிடுகிடுத்தது. "வயித்துவலி" என்று சுருண்டு படுத்துவிட்டான். அவனுக்குப் பதிலாகக் கிழவர் போனார். விறைத்த கையோடு அவர் திரும்பியபோது, கலியன் இரண்டாவது கிண்ணம் கஞ்சியை வழித்துக்கொண்டிருந்தான்.

ஊர் கூடிவிட்டது. கலியன் அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். "சும்மா ஒரு சாக்கு சொன்னேன் பெரியவரே. நாளைக்கு ரெண்டு கட்டா வெட்டிப் போடறேன்" என்றான்.

"அவன் சொன்னது எங்கள் பேச்சில் என்ன?" என்று உள்ளானைக் கேட்டார் ஊலவ்.

உள்ளான் ஒரு கணம் யோசித்தது. அவன் ஊரில் இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் என்று நாலு வார்த்தை விளக்கியிருக்கலாம். பாவி, பெருமை விடவில்லையே! சாக்குக்கு அந்த நாட்டில் இருந்த ஒற்றைச் சொல்லை எடுத்துக் கணீரென்று சொல்லிவிட்டது.

கதவைத் திறந்து கலியனை வெளியே தள்ளினார்கள். தான் செய்தது உள்ளானுக்கு அப்போதுதான் உறைத்தது. வீடு வீடாகப் போய்க் கதவைக் கொத்திக் கொத்திக் கதறியது. ஒரு கதவும் திறக்கவில்லை. மறுநாள் ஒரு மரத்தடியில் கலியன் பாதி பனியில் புதைந்து குற்றுயிராகக் கிடந்தான்.

"அவங்ககிட்ட அப்படி என்னதான் சொன்னே?" என்று கேட்டான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. உள்ளான் வாய் திறப்பதற்குள் அவன் உயிர் போய்விட்டது.

ஐப்பசியில் உள்ளான் நம் கரைக்கு வந்தபோது கலியன் மனைவி செம்பாயி இடுப்பளவு தண்ணீரில் ஓடி வந்தாள். "எங்க வூட்டுக்காரர் எப்படி இருக்காரு? எப்ப வர்றாராம்?"

அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? "நல்லா இருக்காரு தாயி. அடுத்த வருஷம் வந்துருவாரு" என்றது. அது புளுகா, சாக்கா, வஞ்சகமா என்று அதற்கே தெரியவில்லை.

அடுத்த வருஷமும் அதையே சொன்னது. அதற்கடுத்த வருஷமும். செம்பாயியின் அண்ணன் வண்டி கட்டிக்கொண்டு வந்து கெஞ்சினான். "எத்தனை நாள் தனியாக் கெடப்பே? போனவரு இனி எங்க வரப்போறாரு? உன்னைக் கட்டிக்கக் கேட்டு வந்தவன் நல்லவன். நம்ம ஊருக்கு வந்துரும்மா."

"அவர் வந்தா வூட்டைத் தேடுவாருண்ணே" என்று வண்டியைத் திருப்பி அனுப்பினாள். கேட்டு வந்தவனுக்கு வேறு இடத்தில் கல்யாணமாகி, பிள்ளையும் பிறந்தது. அண்ணனும் வருவதை நிறுத்திவிட்டான்.

ஏழாவது வருஷம் அவள் தலையில் நரை கண்டது. அன்றைக்கு உள்ளானுக்குப் பழைய பதிலைச் சொல்ல வாய் வரவில்லை. மணலில் விழுந்து அழுதது. பனியில் கிடந்தவனையும், தான் சொன்ன சொல்லையும், ஏழு வருஷத்தையும் ஒன்று விடாமல் சொன்னது.

செம்பாயி அழவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை.

"முதல் வருஷமே சொல்லியிருந்தா அழுது தீத்திருப்பேனே. அவரை ஒரு தடவை கொன்னே. என்னை ஏழு வருஷம் கொன்னே" என்றாள். புடவைத் தலைப்பை உதறிக்கொண்டு எழுந்தாள். "இனிமே என்கிட்ட பேசாதே. யார்கிட்டயுமே பேசாதே."

உள்ளான் அவள் பின்னாலேயே ஓடியது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தது. வெறும் கீச்சுச் சத்தம்தான் வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவேயில்லை.

அன்று முதல்தான், உள்ளான் வருஷம் தவறாமல் நம் கரைக்கு வந்தும், குனிந்த தலை நிமிராமல் அலையோரமாக ஓடிக்கொண்டே இருக்கிறது; நாம் இரண்டடி கிட்டே போனாலும், எதையாவது கேட்டுவிடுவோமோ என்று பயந்து, கீச்சென்று கத்திக்கொண்டு பறந்துவிடுகிறது.