மதலேனாளும் தெருமுனைக் கயிறும்

கேளுங்கள், பெரியவர்களே, பிள்ளைகளே. கடலோரத்தில் சுண்ணாம்புக் கோபுரங்கள் புதிதாய் எழும்பிய காலத்தில், அப்படியோர் கோயில் ஊரில் மதலேனாள் என்ற சலவைக்காரி இருந்தாள்.

பெரிய வெள்ளியன்று ஆண்டவரின் சொரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்கி, பாடையில் கிடத்தி ஊர்வலம் கொண்டுவருவார்கள். வெள்ளைத் துணி போர்த்தாமல் பாடை நகரக் கூடாது. அது ஊர் வழக்கம். அந்தத் துணியை வெளுப்பவள் மதலேனாள், அதுவும் வழக்கம். ஆனால் அவள் தெருமுனையில் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருக்கும். பாடை அங்கே வந்ததும் திரும்பிவிடும். அவள் சனங்கள் தொட்டால் ஆண்டவருக்குத் தீட்டாம். இதற்கும் வழக்கம் என்றே பெயர் வைத்தார்கள், வெட்கங்கெட்டவர்கள்!

அந்த வருடம் அவள் மகள் பிரகாசி காய்ச்சலில் துவண்டு கிடந்தாள்.

"ஆண்டவர் பாதத்த ஒரு தடவை முத்தி செய்யணும்மா" என்றாள். அந்த ஒரு முத்தம் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு மதலேனாள் கயிற்றருகே நின்றாள். அங்கே சாத்தான் மூன்று முறை வந்தான்.

முதலில் காகமாய் வந்து கயிற்றில் உட்கார்ந்தான். "கோயிலுக்குத் தீ வை."

"உள்ளே வேகப்போறது ஆண்டவருந்தானே" என்றாள்.

அடுத்து ஓணானாய்க் கயிற்றில் ஊர்ந்தான். "உன்னைத் தொடாத சாமியை விட்டுத் தொலை."

"கயிறு கட்டினது அவரில்லையே."

மூன்றாவதாகக் கோயிலில் செபம் சொல்லித்தரும் உபதேசியாராய், செபமாலையோடு கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றான். "மகளே, தாழ்மைதான் புண்ணியம். பொறுத்துக்கொண்டு வீட்டுக்குப் போ."

அவள் கால் பின்வாங்கியது. பிரகாசியின் சுடுமூச்சு கழுத்தில் பட்டதும் நின்றாள்.

"தாழ்மையை இந்தப் பக்கம் வந்து சொல்லும், ஐயா."

அவன் வரவில்லை. கயிறு அவன் முறுக்கியது, அவனே தாண்டுவானா? யாரென்று அவளுக்குப் புரிந்தது.

பாடை வந்தது. ஊர்த்தலைவர் கயித்தான் உறுமினார். "ஏ மதலேனா, தள்ளிப் போ! உன் கை பட்டாத் தீட்டு!"

"அப்போ அவர் மேல கிடக்கிற துணியும் தீட்டுதானே, சாமி. இந்தக் கை கசக்கிப் பிழிஞ்சது. முதல்ல அதை எடுங்க."

எடுத்தால் பாடை நகராது. எடுக்காவிட்டால் தீட்டு பொய். கயித்தான் துணியின் நுனியைப் பிடித்தார், விட்டார்.

"சொல்லுங்க மாமா, எடுக்கவா, வேண்டாமா?" பாடை தூக்கியவர்களில் ஒருவன் கேட்டான். கூட்டம் சிரித்தது. அவனே கயிற்றை அவிழ்த்தான். பாடை அந்தத் தெருவுக்குள் போய்த் தாழ்ந்தது. பிரகாசி பாதத்தில் உதடு வைத்தாள்.

பிழைத்தாளா என்கிறீர்கள். இல்லை. உயிர்த்த ஞாயிறு விடியுமுன் போய்விட்டாள். மரப்பாதத்தில் ஒரு முத்தம்; அதற்கு ஒரு பிள்ளை சாகக் கிடக்க வேண்டியிருந்தது!

மறுவருடம் ஆண்டவரின் துணியை மதலேனாள் அதே கயிற்றில்தான் காயப்போட்டாள்.

ஆண்டவர் பேரைச் சொல்லி மனிதருக்குக் குறுக்கே கயிறு கட்டுகிறவன், கோயிலுக்குள்ளேயே இருந்தாலும் சாத்தானுக்குத்தான் ஊழியம் செய்கிறான்.