கிண்ணத்தின் மேல் கைக்குட்டை

சிகாமணி நாற்பத்தாறு வயதில் ஆராய்ச்சி மாணவர். அவருக்குக் குருவாக வாய்த்த ரெஜினா மேடம் அவரைவிடப் பத்து வயது சின்னவர். நல்ல வேலையை உதறிவிட்டுப் படிக்க வந்த மனுஷன் இதற்கெல்லாம் கூச்சப்பட முடியுமா?

கார்பன் நூலில் நெய்த துணியை ஹெல்மெட் அச்சில் அழுத்தி, பிசின் ஊற்றி இறுக வைப்பார்கள். துணி சுருங்கிய இடத்தில்தான் ஹெல்மெட் பிளக்கும். சுருங்காமல் அழுத்த ஒரு வழியைக் கம்ப்யூட்டரில் காட்ட வேண்டும், காட்டினால் பட்டம். வருஷங்கள்தான் போயின. காதுக்கு மேலே ஒரு சுருக்கம், ஊருக்குக் கிளம்பாத விருந்தாளி மாதிரி, அப்படியே உட்கார்ந்திருந்தது.

அன்று சாயந்திரம் திரையில் துணி வழவழவென்று கிடந்தது.

"எப்படி சார்?"

"நூலோட விறைப்புக்கு ஒரு எண் கொடுப்போமே மேடம், அதைக் கொஞ்சம் குறைச்சேன்."

"துணியை மாத்தினீங்களா?"

"துணி அதேதான்."

மேடம் காதுக்கு மேலே இருந்த இடத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இப்படியே கொடுத்துடலாமா மேடம்? இன்னொரு வருஷம் என்னால முடியாது."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. மேடம் தன் டிபன் பாக்ஸிலிருந்து கிண்ணத்தை எடுத்து மேஜைமேல் கவிழ்த்தார்.

"உங்க கர்சீப்பை இதுமேல போடுங்க. சுருக்கம் இருக்கக் கூடாது."

போட்டார். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் மடிந்தது. கடைசியில் பத்து விரலையும் பரப்பிச் சுற்றிலும் அழுத்திப் பிடித்தார்.

"வந்துடுச்சு மேடம்."

அவர் சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. மனைவிதான். தினமும் இந்த நேரத்துக்கு ஒரே கேள்வி: முடிஞ்சுதா?

"பேசுங்க சார்."

"கைய எடுத்தா சுருங்கிடும்."

"ஆமா."

"சுருங்கும்னே எழுதினா பட்டம் கொடுப்பாங்களா?"

"மாட்டாங்க."

"கைய எடுக்கலேன்னா?"

மேடம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அந்த ஹெல்மெட்டைப் போட்டுக்கிற ஒவ்வொரு தலைமேலயும் இப்படியே கையை வச்சுக்கிட்டு நிக்கணும் சார்."

ஃபோன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. சிகாமணி கையை எடுக்கவில்லை.