தொம்மை வீட்டு முன்சுவர்

கித்தேரியிடம் பெயின்ட் வேலை கற்றுக்கொள்ள வந்தவர்களில் தொம்மைதான் வயதில் மூத்தவர். ஏன், கித்தேரியைவிடவே ரொம்ப மூத்தவர். வலை இழுத்துக் காய்த்துப்போன கையோடு வந்து நின்று, "எனக்கும் தொழில் சொல்லிக்கொடுங்க மேஸ்திரி" என்று அவர் கேட்டதும் சாரத்தில் நின்ற ஆட்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள்.

கித்தேரி சிரிக்கவில்லை.

"இந்த வயசுல எதுக்கண்ணே இது?"

"என் வீட்டு முன்சுவர்ல பெயின்ட் நிக்கணும்."

"அதுக்கு ஒரு ஆளை விட்டு அடிச்சாப் போதுமே."

"அந்தச் சுவர்ல வேற ஆளு கை வைக்கக் கூடாது."

கித்தேரி ஒரு சுரண்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

அந்தச் சுவரின் கதை ஊருக்கே தெரிந்ததுதான். தொம்மைக்கு ஒரே மகன், ரெக்ஸன். பையனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. படகில் கால் வைத்தாலே குடலைப் புரட்டும். ஐஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். முதல் சம்பளத்தில் தனக்கென்று ஒரு சட்டைகூட வாங்கிக்கொள்ளவில்லை. பச்சைப் பெயின்ட் வாங்கிவந்து, கோயில் திருவிழாவுக்கு வீடு அழகாக இருக்கட்டும் என்று முன்சுவர் முழுக்க அவனே அடித்தான். ஆசையாக அடித்தான், பாவம்.

கரையேறி வந்த தொம்மைக்கு அன்றைக்கு மீன்பாடு இல்லை. மூக்குக்கு மேல் கோபம். தெருவே பார்த்துக்கொண்டிருக்க, "வலை பிடிக்கத் துப்பில்லாத பய சுவருக்குப் பொட்டு வைக்கானாக்கும்!" என்று சொல்லிவிட்டார். மனுஷனுக்கு வாய் அப்படி. கோயிலில் கொடியேறிய அன்றைக்கு ஊரெல்லாம் வெடி போட்டுக்கொண்டிருந்தபோது ரெக்ஸன் கொச்சிக்குப் பஸ் ஏறிவிட்டான்.

வருஷங்கள் போயின. அம்மாவிடம் போனில் பேசுவான். பக்கத்தில் அப்பா குரல் கேட்டால் வைத்துவிடுவான்.

தொம்மைக்கு மகனைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை. திருவிழா நாட்களில் பஸ் சத்தம் கேட்டால் சாப்பிடுகிற கையோடு வாசலுக்கு வந்து எட்டிப் பார்ப்பார். என்றைக்காவது ஒருநாள் வந்து இறங்குவான், இறங்கும்போது அவன் அடித்த சுவர் பளிச்சென்று நிற்க வேண்டும், அப்பா அதை அழியவிடவில்லை என்று அவனுக்குத் தெரிய வேண்டும். இதை நினைத்துக்கொண்டே அவருக்கு வருஷம் ஓடியது.

சுவர்தான் ஒத்துழைக்கவில்லை. ஒவ்வொரு மழைக்கும் பெயின்ட் அப்பளம் மாதிரி பொரிந்து உதிர்ந்தது. ரெக்ஸன் அடித்த அந்த அடர்பச்சை இப்போது கடையில் வருவதில்லை. அதற்குக் கிட்டத்தில் வருகிற ஒரு வெளிர்பச்சையை வாங்கி, தொம்மை மேலே மேலே அடித்தார். கடலுக்குப் போக உடம்பு முடியாமல் படகுப் பங்கை விட்ட பிறகு, வேறு வழி தெரியாமல்தான் கித்தேரியிடம் வந்தார்.

கைவேலைக்காரர் அல்லவா, தொழில் சீக்கிரமே படிந்தது. சிமென்ட் தெரிகிற வரைக்கும் பழையதைச் சுரண்டுவார். கடற்காற்று ஏற்றிய உப்பை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுவார். சுவர் காயும்வரை பேசாமல் இருப்பார். பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடித்து, அதற்குப் பிறகுதான் பெயின்ட் டப்பாவையே திறப்பார். "தொம்மை அடிச்ச சுவர்னா மழை தோத்துப்போகும்" என்று ஊரில் பேச்சானது.

அந்த வருஷ மழையிலும் அவர் வீட்டுச் சுவர் உதிர்ந்தது.

வேலைக்கு வந்த இடத்தில் தொம்மை பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார்.

"ஊரான் வீட்டுல நிக்கிற பெயின்ட் என் வீட்டுல மட்டும் ஏன் மேஸ்திரி நிக்க மாட்டேங்குது?"

"சுரண்டினீங்களா?"

"மேலாப்ல தட்டிவிட்டேன்."

"அடி வரைக்கும்?"

தொம்மை பிரஷைத் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்தார்.

"அடியில இருக்கது என் மவன் அடிச்சது மேஸ்திரி. அதை நான் எப்படிச் சுரண்டுவேன்?"

கித்தேரி சாரத்தை விட்டு இறங்கினாள். கையைக் கழுவினாள்.

"வாங்க, போய்ப் பாப்போம்."

தொம்மையின் மனைவி பிலோமி வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். கித்தேரி நேரே சுவரிடம் போனாள். வாய் பிளந்து நின்ற ஒரு செதிலை நகத்தால் கிள்ளி எடுத்துத் தொம்மையின் உள்ளங்கையில் வைத்தாள்.

"திருப்புங்க."

தொம்மை திருப்பினார். முன்பக்கம் வெளிர்பச்சை, அவர் அடித்தது. பின்பக்கம் அடர்பச்சை. பிரஷ் போன தடம்கூட அப்படியே இருந்தது. செதில் பெயர்ந்த இடத்தில் வெறும் சிமென்ட்டும் பூத்துப்போன உப்பும்தான் மிச்சம்.

இன்னொரு செதிலைத் தானே பிய்த்தார். அதன் முதுகிலும் அடர்பச்சை. அரக்கப்பரக்க இன்னொன்று, இன்னொன்று. எல்லாம் அப்படியே.

"கழுவாத சுவர்ல அடிச்சிருக்கான் அண்ணே. சின்னப் பையனுக்கு என்ன தெரியும்? அடியில பிடிக்காம நின்னுது. நீங்க மேல மேல பாரத்தை ஏத்தினீங்க. உரியும்போது அதையும் சேர்த்துத்தான் உரிச்சிட்டு வரும்."

தொம்மை மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏட்டி, உனக்குத் தெரியுமா இது?"

"வருஷா வருஷம் நான்தான கூட்டி அள்ளுதேன். தெரியாம இருக்குமா?"

"ஏன் சொல்லல?"

"சொன்னாக் கேக்குற ஆளா நீங்க?" என்றவள் விளக்குமாற்றைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கித்தேரி சுரண்டியை நீட்டினாள்.

"எங்கயாவது அவன் அடிச்சது நல்லாப் பிடிச்சிருந்தா அதை விட்டுருங்க. தொட வேண்டாம்."

தொம்மை சுரண்டினார். முதலில் பயந்து பயந்து, அதற்குப் பிறகு வெறி பிடித்தவர்போல. ஜன்னலுக்கு அடியில் இருக்கும் என்று நினைத்தார், இல்லை. கதவோரம் மழை படாத மூலையிலாவது ஒட்டியிருக்கும் என்று முட்டி போட்டுத் தேடினார். அங்கே ஒரு உள்ளங்கை அளவு இருந்தது. சுரண்டியின் நுனி பட்டதும் அதுவும் கையோடு வந்துவிட்டது. மனுஷன் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவருக்கு அது உறைக்கவே இல்லை.

கித்தேரி குடத்தில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து சுவரில் ஊற்றினாள். கொஞ்ச நேரம் கழித்துத் தொம்மையும் எழுந்து தேய்க்க ஆரம்பித்தார்.

கழுவினார்கள். காயவிட்டார்கள். மறுபடி உப்பு பூக்கிறதா என்று பார்த்து மறுபடி கழுவினார்கள். பட்டி பார்த்தார்கள், உப்புத்தாள் போட்டார்கள். பிரைமர் அடித்து முடித்தபோது சுவர் வெள்ளை வெளேரென்று நின்றது. அந்தத் தெருவில் அப்படி ஒரு சுவர் இல்லை.

மறுநாள் காலை தொம்மை வெளிர்பச்சை டப்பாவைத் தூக்கி வந்து மூடியை நெம்பினார். கித்தேரி குனிந்து மூடியைத் திரும்ப அழுத்தி மூடினாள்.

"என்ன மேஸ்திரி? இன்னும் காயணுமா?"

"காஞ்சிருச்சு."

"அப்ப அடிக்க வேண்டியதுதான?"

"இது யாரு சுவரண்ணே?"

"என்ன இப்படிக் கேக்கீங்க? என் மவன் அடிச்ச சுவரு."

"அப்ப நீங்க எதுக்கு அடிக்கீங்க?"

தொம்மைக்குச் சுருக்கென்றது.

"அவன் இங்கயா இருக்கான்? வந்தால்ல அடிப்பான்."

"கூப்பிட்டீங்களா?"

"அவங்க அம்மை எல்லாத் திருவிழாவுக்கும் கூப்பிடத்தான் செய்யுதா."

"பிலோமியக்காவை நான் கேக்கல."

தொம்மை எதிர்வீட்டுப் பக்கம் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். உள்ளே அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது.

"நான் என்னன்னு கூப்பிட மேஸ்திரி? எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பேச?" என்றார் கடைசியில். "என் குரல் கேட்டாலே வச்சிருவான். சுவரு நல்லா நிக்கட்டும், என்னைக்காவது தானா வந்து பாப்பான்னுதான் இத்தனை வருஷமா இருக்கேன். இன்னும் கொஞ்சநாள் இப்படியே இருந்துட்டுப் போறேன். சுவரு தாங்கும்ல?"

கித்தேரி பெயின்ட் டப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். தெருவில் இறங்கி நின்று சுவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள்.

"பிரைமர் மழை வரைக்கும் தாங்கும் அண்ணே" என்றாள். "அதுக்கு மேல அது யாருக்காகவும் காத்திருக்காது."