மன்னரைத் தொட்ட பந்து

மாணிக்கபுரி எங்கே இருந்தது என்று யாரும் கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. அங்கே உலகநாத பூபதி என்றொரு ராஜா இருந்தார், அவருக்கு மென்பந்துப் பைத்தியம் இருந்தது. அது மட்டும் நிச்சயம்.

ஆட்டம் எளிதுதான். ஒருவர் கையைத் தாழ்த்திப் பந்து வீசுவார். இன்னொருவர் கழியால் அடித்துவிட்டு ஓடுவார். திடலின் நாலு மூலையிலும் மணை போட்டிருக்கும். மணையை மிதித்தால் ‘உள்ளே’. மிதிக்குமுன் எதிராளி பந்தைக் கையில் பிடித்தபடி அவர்மேல் ஒற்றிவிட்டால் ‘வெளியே’. எது என்று கூவுவது நடுவரின் வேலை.

அந்த வேலைக்குத்தான் ஆள் நிலைக்கவில்லை. ராஜாவை ‘வெளியே’ என்று கூவிய நடுவர் உப்பளத்துக் காவலுக்குப் போனார். அடுத்தவர் எதற்கெடுத்தாலும் ‘உள்ளே’ என்றார். ஊர் அவரை அழுகிய கத்தரிக்காயால் அர்ச்சித்தது. மூன்றாமவர் காசிக்குப் போகிறேன் என்று கிளம்பியவர்தான், திரும்பவே இல்லை.

“நம் சடகோபரைப் போடலாமே, மகாராஜா!” என்றார் நாட்டுக் காவலைப் பார்த்துவந்த தளவாய் மாறப்பர். சபையில் விகடகவி சடகோபர் வாய் திறந்தால் ராஜா சிரிக்கிறாரே என்று தளவாய்க்கு வயிற்றெரிச்சல்.

ராஜாவுக்கும் யோசனை பிடித்துவிட்டது. “சடகோபா, என் ஆட்டத்துக்கு நேர்மையான நடுவரே இல்லையென்று பக்கத்து நாட்டில் சிரிக்கிறார்களாம். கண்ணால் கண்டதை அப்படியே சொல்ல வேண்டும். கூட்டினாலோ குறைத்தாலோ நாடு கடத்திவிடுவேன்.”

சடகோபர் வீட்டுக்குப் போய் “வெளியே!” என்று தொண்டை கிழியக் கூவிப் பழகினார். விருந்துக்கு வந்து மாதக்கணக்கில் தங்கியிருந்த மைத்துனன் அன்றைக்கே மூட்டையைக் கட்டினான். நடுவர் வேலையில் இப்படியொரு லாபம் உண்டென்று அவருக்கு அதுவரை தெரியாது.

ஆட்ட நாள் வந்தது. அரண்மனை அணிக்கும் யானைக்கொட்டடி அணிக்கும் போட்டி. புது நடுவர் நிற்கக் கூடாத இடத்தில் நின்று, முதல் பந்தையே முழங்காலில் வாங்கிக்கொண்டார். “பந்து எங்கே பட்டது, நடுவரே?” என்று தளவாய் கேட்டுச் சிரித்தார். நொண்டிக்கொண்டே தள்ளி நின்ற சடகோபர், அதற்கப்புறம் பந்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அரண்மனைக்குக் கடைசி ஆளாக ராஜாவே கழி பிடித்தார். ஓங்கி ஒரு அடி! பந்து யானைத் தொட்டியைத் தாண்டிப் போனது. ராஜா ஓடினார். கிரீடம் ஒரு பக்கம் சாய, அங்கவஸ்திரம் இன்னொரு பக்கம் பறக்க, மூன்று மணையைத் தாண்டிவிட்டார். நாலாவது மணையில் மாவுத்தர் மகள் சிலம்பாயி காத்திருந்தாள். யானை வாயில் கவளம் ஊட்டிப் பழகிய கை அது. தொட்டிப் பக்கமிருந்து கூட்டாளி எறிய, பறந்து வந்த பந்தைப் பிடித்தாள். பாய்ந்து வந்த ராஜாவின் தோளில் ஒற்றினாள். ராஜாவின் கால் மணையைத் தொட இன்னும் ஒரு சாண் இருந்தது.

சடகோபர் வாயைத் திறப்பதற்குள் தளவாய் குதித்து வந்தார்.

“நில்லும்! மன்னர் மேனியைத் தீண்டினால் பொழுது சாயும்வரை கழியடி. இது நாட்டுச் சட்டம். இவள் தீண்டினாளா இல்லையா? தீண்டவில்லை என்றால் மன்னர் உள்ளே. தீண்டினாள் என்றால் இவளைக் கட்டுங்கள். சொல்லும், நடுவரே!”

சிலம்பாயிக்கு அப்போதுதான் தான் செய்தது உறைத்தது. “ஐயோ சாமி, ஆட்டத்து மும்முரத்துல எதிர்ல வர்றது மகாராசான்னே மறந்துட்டேனே!” என்று அழ ஆரம்பித்தாள்.

உண்மையைச் சொன்னால் அந்தப் பெண்ணின் முதுகு போகும். பொய் சொன்னால் சடகோபர் நாட்டைவிட்டே போக வேண்டும். ராஜாவோ இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

“வெளியே!” என்று கூவினார் சடகோபர்.

“அப்படியானால் இவளைக் கட்டுங்கள்!” என்றார் தளவாய்.

“பொறுங்கள். பெண்ணின் விரல் பந்தில் இருந்ததைக் கண்டேன். பந்து மன்னர் தோளில் பட்டதைக் கண்டேன். பெண்ணின் விரல் மன்னர்மேல் பட்டதை நான் காணவில்லை. காணாததை எப்படிக் கூட்டிச் சொல்வேன்?”

“எய்தவன் இருக்க அம்பை நோவதா? பந்தைப் பிடித்திருந்தவள் இவள்தானே!”

“சரி, அப்படியே வைத்துக்கொள்வோம்” என்றார் சடகோபர், மெதுவாக. “நேற்று சபையில் மன்னருக்கு மாலை போட்டது தாங்கள்தானே? மன்னர் கழுத்தில் பட்டது மாலை, அதைப் பிடித்திருந்தது தாங்கள். நேற்றைய குற்றம்தானே முந்தியது. முதலில் அதைத் தீர்த்துவிடலாமா?”

தளவாயின் கை தானாகவே தன் முதுகைத் தடவிப் பார்த்தது. “மாலைக்கு... மாலைதான் பொறுப்பு” என்று முனகினார்.

“பந்துக்கும் அப்படித்தான்.”

ராஜாவுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டு கேட்டார்: “சட்டம் என்று ஒன்று இருக்கிறதே, சடகோபா? என் மேனியில் பட்டதைச் சும்மா விடுவதா?”

“விடலாமா, மகாராஜா! பந்துதான் குற்றவாளி. பொழுது சாயும்வரை அதைக் கழியால் அடிக்க வேண்டியதுதான். யானைக்கொட்டடிக்காரர்களுக்குத்தான் இப்போது அடிக்கிற முறை. சிலம்பாயி, கண்ணைத் துடைத்துக்கொண்டு கழியை எடு!”

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். “நான் வெளியே, நான் வெளியே!” என்று தாமே சொல்லிக்கொண்டு போய், காதிலிருந்த கடுக்கனைக் கழற்றிச் சடகோபர் கையில் வைத்தார்.

சிலம்பாயி அடித்தாள். பந்து திடலைத் தாண்டி, தொட்டியைத் தாண்டி, கருவேலங்காட்டுப் பக்கமாகப் பறந்தது.

சடகோபர் கூவினார்: “தளவாய் அவர்களே, கைதி தப்பி ஓடுகிறான்! காவல் பொறுப்பு தங்களுடையது அல்லவா? ஓடிப் பிடியுங்கள்!”