நாலு பேரும் ஒரு பலாமரமும்

காவிரிக்கரைப் பக்கம் ஒரு பாலிடெக்னிக். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் பழகட்டும் என்று வருஷாவருஷம் கொல்லிமலைக்கு அழைத்துப் போவார்கள். இந்த வருஷம் போனவர்களில் நாலு பேரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். மற்றவர்கள் ஒழுங்காகப் போய் ஒழுங்காக வந்துவிட்டார்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பூவரசனுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு நண்பன்கூடக் கிடையாது. பன்னிரண்டு வருஷம் தனியாகவே டிபன் பாக்ஸைத் திறந்து மூடியவன். பஸ்ஸில் நசீர், கெவின்ராஜ், துளசிராமன் மூவரும் அவனோடு பேசினார்கள். அவன் முறுக்கைப் பிடுங்கித் தின்றார்கள். சந்தோஷத்தில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் நெல்லையப்பன் சார் சொன்னார்: "நாலு நாலு பேரா மேல இருக்கற பங்களாவுக்கு வரணும். ஒருத்தர் கையை ஒருத்தர் விடக்கூடாது. யாரையும் பின்னால விட்டுட்டு வரக்கூடாது. பன்னிரண்டு மணிக்குள்ள நாலு பேரும் சேர்ந்து வந்தா ஹாஸ்டல்ல ஒரே ரூம். இல்லேன்னா பிரிச்சு வேற வேற ரூம்ல போட்டுருவேன்."

பூவரசன் அப்போதே நசீர் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

நால்வரும் கைகோத்து ஒரே வரிசையாகக் கிளம்பினார்கள். பாதையோ ஓர் ஆள் அகலம். நசீர் முள்ளுக்குள் போனான், துளசிராமன் ஓடைக்குள் போனான். பத்தே அடியில் திரும்பி வந்து ஒரு பலாமரத்தடியில் நின்று யோசித்தார்கள்.

"ஒருத்தன் பின்னால ஒருத்தனா போலாம்டா," என்றான் கெவின்ராஜ்.

"அப்ப கடைசி ஆளைப் பின்னால விட்டதா ஆயிடுமே," என்றான் பூவரசன்.

துளசிராமன் கணக்கில் கெட்டிக்காரன். "வட்டத்துக்கு முன்னாலயும் கிடையாது, பின்னாலயும் கிடையாது. வட்டமா போவோம்!"

இப்பேர்ப்பட்ட அறிவாளியோடு ஒரே ரூமா என்று பூவரசனுக்குப் புல்லரித்தது. நின்ற இடத்திலேயே நால்வரும் மரத்தைச் சுற்றிக் கைகோத்தார்கள். நடுவில் மரம் நிற்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

நடந்தார்கள், நடந்தார்கள், வேர்க்க வேர்க்க நடந்தார்கள்.

"இந்த மலையில எவ்வளவு பலாமரம் பாரு! வழியெல்லாம் இருக்கு," என்றான் நசீர்.

"எல்லா மரத்துலயும் அதே உயரத்துல ஒரே ஒரு பழம். எவ்வளவு ஒழுங்கா வளர்த்திருக்காங்க!"

"எனக்குத் தலை சுத்துதுடா."

"உயரத்துக்கு வந்துட்டோம்ல, அப்படித்தான் இருக்கும்."

பழம் பறிக்க வந்த ஓர் அம்மாள் சற்று நேரம் நின்று பார்த்தாள். "கண்ணுகளா, இது என்ன வேண்டுதல்?"

"வேண்டுதல் இல்லக்கா, மலை ஏறுறோம். பங்களா இன்னும் எவ்வளவு தூரம்?"

"கையை விட்டுட்டு நேரா நடந்தா கால்மணி நேரம், சாமி."

"விட மாட்டேன்!" என்று அலறினான் பூவரசன்.

அந்த அம்மாளுக்குப் பாவமாகப் போய்விட்டது. பழத்தை அறுத்து, பிளந்து நீட்டினாள். எட்டுக் கைகளும் ஒரேயடியாகப் பாய்ந்தன. வாய் நிறையச் சுளையோடு பூவரசன் ஓவென்று அழுதான். "கையை விட்டுட்டோமேடா! ரூம் போச்சே!"

உடனே விசாரணை நடந்தது.

"யாரு முதல்ல விட்டது?"

"நாலு பேரும் ஒண்ணாத்தான் விட்டோம்."

"சேர்ந்தே விட்டா அது விட்டதாகாது," என்று துளசிராமன் தீர்ப்புச் சொன்னான்.

பூவரசனுக்கு உயிர் வந்தது. ஆனாலும் இன்னொரு தடவை அப்படி ஆகிவிடக் கூடாதே! பழத்தில் வழிந்த பாலை வழித்து எல்லார் உள்ளங்கையிலும் கனமாகத் தடவினான். முன்போலவே மரத்தைச் சுற்றி நின்று, கையோடு கையை அழுத்திக் கோத்தார்கள்.

பன்னிரண்டரைக்குத் தேடி வந்த சார் இழுத்துப் பார்த்தார், திட்டிப் பார்த்தார். பலாப்பால் விடுமா? அந்த அம்மாள் எண்ணெய் எடுத்துவர வீட்டுக்கு ஓடினாள்.

"உங்களைப் பிரிச்சுப் போட்டா மத்த ரூம்காரங்க பாவம்டா," என்று சார் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "நாலு பேருக்கும் ஒரே ரூம். ஆளை விடுங்க!"

பூவரசன் சந்தோஷம் தாங்காமல் எதிரே இருந்த மரத்துக்கு முத்தம் கொடுத்தான். கெவின்ராஜ் மட்டும் கவலையாகக் கேட்டான்: "சார், ஹாஸ்டல் இங்கிருந்து எவ்வளவு தூரம்?"

"எழுபது கிலோமீட்டர். ஏன்?"

நால்வரும் மரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். குசுகுசுவென்று நெடுநேரம் ஆலோசித்தார்கள். கடைசியில் பூவரசன் பணிவாகச் சொன்னான்:

"சார், அந்த ரூமை இங்க அனுப்பிடுங்க. சிரமம்னா கட்டில் மட்டும் போதும். வட்டமா, நடுவுல மரம் போக ஓட்டை வச்சு."