நாவல் மரத்தில் செத்தவன் குரல்

பால்காரர் மணி அடிப்பதற்கு முன்னால், இருட்டு பிரியாத நேரத்தில், ஒரு மரத்திலிருந்து விசில் போல ஒரு பாட்டு எழும். அது முடிந்து மூச்சு விடுவதற்குள் பக்கத்து மரத்திலிருந்து அதே பாட்டு பிசகாமல் திரும்பி வரும். நான் அதைக் கேட்டு எத்தனையோ காலமாயிற்று. இன்னும் காதில் இருக்கிறது. அந்தப் பாட்டு எதற்கு என்பதுதான் கதை. 'உம்' கொட்டிக்கொண்டே கேட்க வேண்டும். நிறுத்தினால் நானும் நிறுத்திவிடுவேன்.

ஏதோ ஒரு ஊரில், யாரோ ஒரு ராஜா வெட்டிய குளத்தங்கரையில், ஒரு புங்கமரம் இருந்தது, அதற்குக் கிழக்கே ஒரு நாவல் மரம் இருந்தது. இரண்டிலும் குண்டுக்கரிச்சான் குருவிகள் குடியிருந்தன. கறுப்புச் சட்டை, வெள்ளை வயிறு, தூக்கிய வால். புங்கமரத்தில் இருந்தவன் புங்கன், நாவல் மரத்தில் இருந்தவன் நாவலன். நாவலனின் பெண்டாட்டி சாம்பல் நிறம், அதனால் அவள் பெயர் சாம்பி. மரப்பொந்தில் அவளுக்கு மூன்று குஞ்சுகள், இன்னும் கண் திறக்கவில்லை.

ஊருக்கு ஊர் நம் பேச்சு மாறுகிறதல்லவா, அதுபோல அதுகளுக்குத் தோப்புக்குத் தோப்பு பாட்டு மாறும். ஆனால் அடுத்தடுத்த மரத்துக்காரர்கள் ஒரு பாட்டைப் பொதுவாக வைத்துக்கொள்வார்கள். விடிந்ததும் புங்கன் கிழக்கே பார்த்து எதைப் பாடுகிறானோ, நாவலன் மேற்கே பார்த்து அதையே திருப்பிப் பாட வேண்டும்.

"அண்ணே, இருக்கீரா?"

"இருக்கேன்டா தம்பி. நீ உன் மரத்துல, நான் என் மரத்துல."

அந்தப் பாட்டுக்கு அவ்வளவுதான் அர்த்தம். திருப்பிப் பாடாவிட்டால் அங்கே இருப்பவன் அந்நியன். பக்கத்து வீட்டுக்காரன் பாட்டு முதுகுப் பக்கமிருந்து கேட்டாலோ, அவன் திருட்டுத்தனமாக உள்ளே புகுந்துவிட்டான் என்று அர்த்தம். அப்புறம் சண்டைதான்.

அப்படி இருக்கும்போது, மரமில்லாத ஒருத்தன் எங்கிருந்தோ வந்து சேர்ந்தான். ஊர்சுற்றி என்று பெயர். குளத்தங்கரை முள்ளுப் புதருக்குள் உட்கார்ந்து புங்கன் பாட்டைக் கேட்டான், கேட்டான், கேட்டான், அப்படியே படித்துக்கொண்டான். நாவலன் பாட்டையும் படித்துக்கொண்டான். யாருடைய குரலானாலும் அவன் தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அவனுக்கென்று ஒரு பாட்டு மட்டும் கிடையாது.

ஒரு நாள் அவன் நாவல் மரத்துக்குக் கிழக்கே போய்ப் புங்கன் குரலில் பாடினான். நாவலன் திடுக்கிட்டுத் திரும்பினான். "என்னது, புங்கன் என் முதுகுக்குப் பின்னாலயா?" ஊர்சுற்றி உடனே பறந்து புங்கமரத்துக்கு மேற்கே போய் நாவலன் குரலில் பாடினான். புங்கனும் திடுக்கிட்டான். முதுகுப் பக்கம் ஆளைக் காணோம் என்றதும், இரண்டு பேரும் அடுத்தவன் மரத்தைப் பார்த்துப் பாய்ந்து நடுவழியில் மோதிக்கொண்டார்கள்.

"திருடா! என் குஞ்சு இருக்கிற இடத்துக்கா வந்தே?"

"நானா திருடன்? நீர்தானய்யா!"

புங்கனின் அலகு நாவலனின் கழுத்தில் இறங்கியது. நாவலன் முள்ளுப் புதருக்குள் விழுந்தான். புங்கன் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான். சாம்பி போய்ப் பார்த்தபோது எறும்பு வந்துவிட்டிருந்தது.

இப்போது கேள். மறுநாள் விடிகிறது. சாம்பி பொந்துக்குள் குஞ்சுகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தலைக்கு மேலே, அதே கிளையில், செத்துப்போன புருஷன் பாடுகிறான்! அதே இழுப்பு, அதே முடிப்பு. அவள் குஞ்சுகளை விட்டு எழுந்தாள். வெளியே தலையை நீட்டினால், ஊர்சுற்றி.

"என்ன பார்க்கிறே? இனிமே நான்தான் நாவலன். அந்த மூணையும் கீழே தள்ளிட்டு என்னோட குடித்தனம் பண்ணு."

"தள்ளவா?"

"நீ தள்றியா, நான் தள்ளட்டுமா? நாளைக்கு விடியற வரைக்கும் பொறுத்துக்கிறேன்."

அவன் பூச்சி பிடிக்கப் போனதும் சாம்பி நேரே புங்கமரத்துக்குப் போனாள். புங்கனுக்கு ஒரே சந்தோஷம்.

"வாங்க மதினி! காலையில அண்ணன் பாட்டைக் கேட்டப்புறம்தான் எனக்கு உசிரே வந்தது. கோபமெல்லாம் போச்சா அவருக்கு?"

"அவர் செத்துட்டார். நீதான் கொன்னே."

"என்ன மதினி, காலையில பாடினாரே! என் காதால கேட்டேனே!"

"வந்து கண்ணால பாரு."

புதருக்குள் ஒரு வெள்ளை இறகும் ஒரு கறுப்பு இறகும் கிடந்தன. புங்கன் பார்த்தான். கறுப்பு இறகை அலகால் புரட்டினான். "அப்போ காலையில பாடினது?" என்றான். சாம்பி எல்லாவற்றையும் சொன்னாள்.

"நான் என்ன செய்யட்டும் மதினி?"

"கரைப் பனையில வல்லூறு கூடு கட்டியிருக்கே, அது கத்துற கத்தல் உனக்கு வருமா?"

"வரும். ஆனா இன்னொரு வல்லூறு வந்திருக்குன்னு நினைச்சு அது பாஞ்சு வருமே! என்னைத் தூக்கிட்டுப் போயிடுமே!"

"தூக்கட்டுமே" என்றாள் சாம்பி.

உம் கொட்டு. ஏன் நிறுத்திவிட்டாய்?

விடிந்தது. புங்கன் கிழக்கே பார்த்து எப்போதும் பாடுவதைப் பாடினான், கடைசியில் வால் மாதிரி "கிக்கீ" என்று வல்லூற்றின் கத்தலை மெதுவாகச் சேர்த்தான், சட்டென்று அடர்ந்த இலைக்குள் புகுந்துகொண்டான். நாவல் மரத்தில் ஊர்சுற்றி யோசித்தான். திருப்பிப் பாடாவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். சத்தம்தான் அவனுக்குத் தெரியும், அது யாருடையது, எதற்குக் கத்துவது என்றெல்லாம் அவன் ஒருநாளும் கேட்டதில்லை. உச்சிக் கிளையில் ஏறி, நெஞ்சை நிமிர்த்தி, "கிக்கீ" என்றான். புங்கனைவிடப் பலமாக இன்னொரு தரம் "கிக்கீ" என்றான். குளமே கேட்கும்படி மூன்றாம் தரமும் "கிக்கீ" என்றான்.

பனையிலிருந்து ஒரு நிழல் கிளம்பியது.

கால் நகம் பட்டபோது ஊர்சுற்றி அலறினான். நாவலன் குரலில் அலறினான், புங்கன் குரலில் அலறினான். அந்த அவசரத்திலும் அவனுக்குச் சொந்தமாக ஒரு குரல் வரவில்லை. அப்புறம் மரம் அமைதியாகிவிட்டது. பொந்துக்குள் சாம்பி மூன்று குஞ்சுகளையும் இறக்கைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அடுத்தவன் குரலில் பேசிக் குடி கெடுத்தவன் போனான், குஞ்சுகள் பிழைத்தன, கதை கரையேறிவிட்டது, நீயும் போய்ப் படு.

"புங்கன் என்ன ஆனான்?"

புங்கனா? விடிந்ததும் கிழக்கே பார்த்து உட்காருவான், பாட மாட்டான். பாடாதவனுக்கு மரம் தங்காது. அந்தக் கோடை முடிவதற்குள் புங்கமரத்துக்கு வேறொருத்தன் வந்துவிட்டான்.