வயலில் எழும் கற்கள்

கற்களும் விலங்குகளும் பேசித் திரிந்த அந்தக் காலத்தில், அமெரிக்கப் பேரேரிகளுக்குத் தெற்கே, இன்று மக்காச்சோளம் விளையும் ஒரு மாவட்டம் முழுவதும், மலையளவு பனிப்பாளமான பனித்தாயின் மடிக்குக் கீழே கிடந்தது. வடக்கிலிருந்து தவழ்ந்து வந்தவள் அவள். அவள் நகர்ந்த வழியெல்லாம் குன்றுகள் தேய்ந்து நிலம் தட்டையாயிற்று. வடமலைகளில் பெற்ற கற்பிள்ளைகளை மடியில் சுமந்தே வந்தாள். மூத்தவள் செம்பாறை.

ஒருநாள் சூரியன் பனித்தாயைத் திரும்பிப் போகச் சொன்னான்.

“பிள்ளைகளே, என்னால் ஒருமுறைதான் கூப்பிட முடியும், நின்றால் உருகிவிடுவேன். குரல் கேட்டதும் ‘இதோ அம்மா’ என்று சொல்லுங்கள். சொன்னவர்களை எடுத்துக்கொள்வேன்” என்றாள்.

அன்றுதான் செம்பாறை முதன்முதலாகப் புல்லைப் பார்த்தாள். மடியிலிருந்து இறங்கி அதன் ஈரத்தில் முதுகைச் சாய்த்தாள். தம்பி தங்கைகளும் உருண்டு இறங்கினர்.

“செம்பாறை!” அம்மாவின் குரல்.

“அக்கா, கூப்பிடுகிறாள்” என்றது ஒரு கூழாங்கல்.

“பேசாமல் இரு. இன்னும் சற்று நேரம். நம்மை விட்டுவிட்டா போய்விடுவாள்?”

அம்மா நின்றாள். அவள் பாதம் கரைந்து குளங்களாயிற்று. பிள்ளைகள் முன்னே போயிருப்பார்கள் என்று எண்ணி வடக்கே நகர்ந்தாள்.

செம்பாறை தலைதூக்கியபோது அடிவானத்தில் ஒரு வெள்ளைக் கோடுதான் இருந்தது. “இதோ அம்மா!” என்று கத்தினாள். எதிர்க்காற்று அவள் வாயைப் புழுதியால் அடைத்தது. ஆண்டுதோறும் புழுதி படிந்தது. புல் அதன்மேல் வேர்விட்டது. பிள்ளைகள் அனைவரும் மண்ணுக்குள் போயினர்.

வளை தோண்டிய தரையணில் ஒன்று அவள்மீது முட்டிக்கொண்டது. “யாரடி இவள், என் வீட்டு நடுவில்?”

“அம்மா கூப்பிட்டாள், அண்ணா. நான் பதில் சொல்லவில்லை. திரும்பி வருகிறாளா, பார்த்தாயா?”

“அப்போது வாயில் என்ன, மண்ணா?” என்று சிடுசிடுத்தது அணில். பிறகு குரல் தணிந்தது. “அவள் வரமாட்டாள். ஆனால் பனிக்காலத்தில் அவள் மூச்சு வருகிறது. என் வாசலே உறைந்துபோகிறது.”

அந்தப் பனிக்காலத்தில் குளிர் மண்ணுக்குள் இறங்கி, செம்பாறையின் முதுகுக்கடியில் மெல்ல நுழைந்தது. துழாவித் தேடும் கைபோல் இருந்தது அது. “இதோ அம்மா” என்றாள். ஒரு விரற்கடை மேலெழுந்தாள். வசந்தம் வந்ததும் அந்தக் கை விலகிவிட்டது. அடுத்த பனிக்காலத்திற்காகக் காத்திருந்தாள். தம்பி தங்கைகளும் காத்திருந்தனர்.

அன்று முதல்தான், அந்த மாவட்டத்து உழவர்கள் ஒவ்வொரு வசந்தத்திலும் விதைக்குமுன் வயலில் கல் பொறுக்குகிறார்கள். சென்ற ஆண்டு ஒன்றுவிடாமல் பொறுக்கிய அதே இடத்தில், காலம் கடந்து பதில் சொல்ல வந்த இன்னொரு பிள்ளை தலைநீட்டிக் கிடக்கிறது.